கரத்தைக்காரன் எங்கே தூங்கினான்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 11 பிள்ளைகளுக்குக் கொழும்பு - கண்டிப் பாதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1815இல் கண்டி இராச்சியம் விழுந்தது, 1820இல் பாதை வேலை தொடங்கியது, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், பொறியியலாளர் கப்டன் டோசன், கோப்பித் தோட்டங்கள், பிறகு ரயில். பரீட்சைக்கு வருவது இவ்வளவும்தான். எழுதிப்போட்டு முடித்தேன்.

பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினான். வழக்கமாக வாயே திறக்காத பிள்ளை.

"டீச்சர், கரத்தை ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது கிலோமீற்றர்தான் போகும் எண்டு சொன்னீங்க. கண்டி நூத்திப் பதினாறு கிலோமீற்றர். அப்ப ஒரு கிழமை வேணும். கரத்தைக்காரன் இரவைக்கு எங்க தூங்குவான்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருசம் வரலாறு படித்தேன். பாதையை யார் போட்டார், எப்போது போட்டார், எதற்குப் போட்டார் என்று எல்லாம் படித்தேன். அந்தப் பாதையில் போனவன் எங்கே தூங்கினான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "நாளைக்குச் சொல்றேன் மகன்" என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்.

அந்தக் கிழமையேதான் எங்கள் வீட்டு வாசலுக்கு அந்த வேன் வந்தது.

கணவரின் கூட்டாளி ஒருவர் சின்ன ஜப்பான் வேன்களை கேம்பர் வேனாக மாற்றி உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுக்க யோசிக்கிறார். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு வந்த புது வண்டி. "ரெண்டு நாளைக்கு ஓட்டிப் பாத்து, குறை நிறை சொல்லுங்க" என்று திறப்பைக் கையில் தந்துவிட்டார். இது விளம்பரம் இல்லை. அதனால் பெயர் சொல்லவில்லை.

ஜப்பானில் 'கேய்' என்று சட்டம் அளவு போட்டுவைத்த ஒரு வாகன வகை உண்டு. நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சீசீக்குள். அந்தப் பெட்டிக்குள் மடக்கி விரிக்கும் கட்டில், ஒரு சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி, 20 லீற்றர் தண்ணீர்க் கேன், ஜன்னலுக்குத் திரை, சீட்டுக்கு அடியில் தூக்கி எடுக்கக்கூடிய ஒரு கழிப்பறைப் பெட்டி. அவ்வளவுதான் முழு வீடும்.

அந்தக் கடைசிச் சாமான்தான் எங்கள் பயணத்தையே தீர்மானித்தது. உம்மாவுக்குச் சீனி வருத்தம். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். வழியில் எங்கே போவது என்ற பயத்தில் மாவனெல்லையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு அவர் போய் ஆறு வருசம். வேனுக்குள் ஏறித் திரையை இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். "மகள், இது ஊடு மாதிரியே ஈக்கே! வாங்க, சாச்சியப் பாத்துட்டு வருவம்" என்றார்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன்.

ஓட்டின அனுபவத்தைச் சொல்கிறேன். முன் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதுபோல உட்கார வேண்டும். மூக்கு என்று ஒன்று இல்லை. அதனால் ஜம்பட்டா வீதியில் இருந்து எங்கள் ஒழுங்கைகளுக்குள் திருப்புவது ஓட்டோ திருப்புவதுபோல லேசு. கைவண்டியோடு வரும் நாட்டாமிமாருக்கு வழிவிட்டு ஒதுங்கவும் இடம் போதும். ஆனால் கூரை உயரம். பெரிய பஸ் ஒன்று பக்கத்தால் விசுக்கென்று போனால் வண்டி ஒருதரம் சாய்ந்து நிமிரும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால் பிரேக்கை வழக்கத்தை விட முந்திப் பிடிக்க வேண்டும். பிடித்து வண்டி நின்ற பிறகு, கேனில் உள்ள தண்ணீர் ஒருதரம் முன்னுக்கு வந்து மோதும். அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே வரும். வீட்டைக் கொண்டு போகிறோம் என்பது காதுக்கு மறக்காது.

இங்குருகடைச் சந்தி தாண்டி, கிராண்ட்பாஸ் பக்கம் வந்தோம். 'பெரிய துறை' என்று போர்த்துக்கேயர் வைத்த பெயர். களனி ஆற்றைக் கடக்கும் துறை. 1822இல் இங்கே படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு மிதக்கும் பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வரும்வரைக்கும் அந்தப் படகுப் பாலம் இருந்தது. ரயில் வரும்வரைக்கும் மலைநாட்டுக் கோப்பியும், மலைநாட்டுக்குப் போன அரிசியும் அதன் மேலால்தான் போய்வந்தன. 2021இல் திறந்த புதுப் பாலத்து மேலால் நாங்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

அந்தக் காலத்துப் படங்களில் கரத்தையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடு, இரண்டு பெரிய மரச் சக்கரம், மேலே கிடுகால் வேய்ந்த வளைந்த கூரை. கரத்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தான். பகல் முழுக்க மூட்டைக்கு மேலே அந்தக் கூரை. இரவில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, பக்கத்தில் அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டு, கரத்தைக்கு அடியிலே பாயை விரித்துத் தூங்குவான். என் மாணவனுக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். இதைவிடச் சின்ன மோட்டார் ஹோம் உலகத்தில் கிடையாது. மோட்டார் மட்டும்தான் இல்லை.

ஆனால் பதில் அத்தோடு முடியவில்லை. கரத்தைக்கு அடியில் தூங்கலாம் சரி. கரத்தையை எங்கே நிறுத்துவது? நிறுத்த யார் விடுவார்கள்?

கடவத்தைக்கு வந்ததும் இது எனக்கு உறைத்தது. நாங்கள் தினம் பஸ் போர்டில் வாசிக்கும் பெயர். அதன் கருத்து காவல் வாசல். கண்டி இராச்சியத்துக்குள் போகும் வழிகளில் முள்ளால் கட்டிய வாசல்களும், ஆட்களை விசாரிக்கும் காவலர்களும் இருந்தார்கள். படை வண்டிகளோடு எதிரி வந்துவிடுவான் என்று அரசர்கள் பாதைகளை ஒற்றையடிப் பாதையாகவே வைத்திருந்தார்கள். சக்கரம் ஓடாத நாடு.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் கண்டி அரசனிடம் கைதியாகி, 19 வருசம் இங்கே இருந்து தப்பிப் போனவர். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் காவல் வாசல்களைப் பற்றிச் சொல்கிறார். வழிப்போக்கனுக்கு அனுமதிச் சீட்டு களிமண்ணில் பதித்த முத்திரை. ஒவ்வொருவரின் தொழிலுக்கும் ஒரு படம். படைவீரனுக்கு ஈட்டி தூக்கிய மனிதன். கூலிக்காரனுக்குக் காவடித் தடியில் இரண்டு மூட்டை தூக்கிய மனிதன். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலனுக்கும் நீ யார் என்று விளங்க வேண்டும்.

அந்த ஒற்றையடிப் பாதையில் சாமான் கொண்டு போனது யார்? இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பெரும் பங்கு எங்கள் மூதாதையர். பொதி மாடுகளை வரிசையாக ஓட்டிப் போவதற்குப் பெயர் 'தவளம்'. கரையில் இருந்து உப்பு, கருவாடு, புடவை மேலே போகும். பாக்கும் வாசனைத் திரவியங்களும் கீழே வரும். அரசனின் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்று ஒரு திணைக்களம் இருந்தது. அதில் முஸ்லிம்கள் நிறையப் பேர் கடமை செய்தார்கள். பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். போர்த்துக்கேயர் கரையில் இருந்து விரட்டியபோது செனரத் மன்னன் தன் நாட்டுக்குள் இடம் கொடுத்தான் என்பதும் அதே வரலாறுதான்.

யோசித்துப் பாருங்கள். முள் வாசல் போட்டுப் பூட்டி வைத்த ஒரு நாட்டுக்குள் வருசக் கணக்காகப் போய்வர ஒரு கூட்டத்துக்கு முடிந்தது என்றால், அது மாட்டின் பலத்தால் இல்லை. இரவில் யாரோ ஒருவர் தங்கள் ஊர் மரத்தடியில் மாட்டைக் கட்ட விட்டார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டார்கள். உப்பில்லாமல் அவர்களுக்கும் முடியாது, தண்ணீர் இல்லாமல் இவர்களுக்கும் முடியாது. அப்படித்தான் நம்பிக்கை உண்டானது.

நிட்டம்புவ, வரக்காப்பொல தாண்டி அம்பேபுஸ்ஸ. உம்மாவுக்குத் திரை இழுக்கவேண்டி வந்ததால் ஒதுக்கி நிறுத்தினோம். இங்கே நாட்டின் மிகப் பழைய ரெஸ்ட் ஹவுஸ்களில் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ரெஸ்ட் ஹவுஸ் அதிகாரிகளுக்கும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கும். கட்டில், மேசை, சமையற்காரன் எல்லாம் உண்டு. கரத்தைக்காரனுக்கு அதன் வேலிக்கு வெளியே மண். 1864 டிசம்பர் 27இல் நாட்டின் முதல் ரயில் கொழும்பில் இருந்து இந்த அம்பேபுஸ்ஸவுக்குத்தான் வந்தது. 1867இல் கண்டியைத் தொட்டது. நீண்ட பாதைக் கரத்தைக்காரனின் பிழைப்பு அன்றோடு சுருங்கியது. தோட்டத்தில் இருந்து ஸ்டேசனுக்கும், துறைமுகத்தில் இருந்து புறக்கோட்டைக்கும் என்று குட்டைப் பயணமாகிவிட்டது. அப்படியிருந்தும் 1906இல் கொழும்புக் கரத்தைக்காரர்கள் மாநகரசபை விதி ஒன்றை எதிர்த்து வண்டிகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் வரலாற்றின் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று அது.

கரத்தை கூட இல்லாதவர்களையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். கோப்பியை நட்டது அவர்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே எத்தனையோ பேர் விழுந்தார்கள். நிறுத்தித் தங்க இடமில்லாத பயணம் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் எங்கள் வரலாற்றில் இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை டொக்டர் குதிரை இழுக்கும் ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயர் வைத்து, இங்கிலாந்தில் இருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் உல்லாசமாகப் போனார். உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் வீட்டு வண்டி என்று அதைச் சொல்வார்கள். ஐரோப்பாவின் ஜிப்சிகள் அதற்கு முன்பே வண்டியில் குடியிருந்தவர்கள். அவர்களை ஊர் ஊராக விரட்டினார்கள். டொக்டர் செய்தபோது அது பொழுதுபோக்கு ஆனது. வண்டிக்குள் தூங்குவது ஒரே வேலைதான். செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஊரின் பார்வை மாறுகிறது. இன்றைக்கும் அப்படித்தான். புறக்கோட்டையில் கைவண்டிமேல் சுருண்டு தூங்கும் நாட்டாமியை யாரும் 'கேம்பிங்' என்று சொல்வதில்லை.

சாச்சி வீட்டில் பகல் சாப்பாடு. அழுகை, சிரிப்பு, ஆறு வருசக் கதை. அதை எழுதப் போனால் இன்னொரு பதிவு வேண்டும். இரவு கணவரும் மகனும் வீட்டுக்குள் படுத்தார்கள். நானும் உம்மாவும் முற்றத்தில் வேனுக்குள். காலை நீட்டினால் உயரமான ஆளுக்கு இடம் போதாது. எங்களுக்குப் போதும். மழை பெய்தது. கூரையில் விழும் சத்தம் தகரக் கூரைச் சத்தமேதான்.

அடுத்த நாள் காலை கடுகண்ணாவை ஏற்றம். இந்தச் சின்ன எஞ்சினுக்கு இதுதான் பரீட்சை. ஏசியை நிறுத்தினேன். மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. பின்னால் லொறிகள் வரிசை. ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டேன். ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டது. கோப்பி மூட்டையோடு இந்த இறக்கத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவனை நினைத்தேன். அவனுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் பயம்.

மேலே போகும் வழியில் துளைத்த பாறை இருக்கிறது. பழைய பாதை அதன் ஊடாகப் போனது. உச்சியில் 1832இல் முடித்த டோசன் கோபுரம். பாதை போட்ட பொறியியலாளருக்குக் கோபுரம் இருக்கிறது. பாதை வெட்டிய ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாதை ஓரத்தில் ஒரு அம்பலம் நிற்கிறது. ஓட்டுக் கூரை, திறந்த பக்கங்கள். வழிப்போக்கன் எவனும் கேட்காமல் வந்து படுக்கலாம். கட்டணம் இல்லை. இனம், சாதி, முத்திரை ஒன்றும் இல்லை. புண்ணியத்துக்கு என்று ஊரார் நாடு முழுக்கக் கட்டிவைத்தவை இப்படியான அம்பலங்கள். என் மாணவனின் கேள்விக்கு மீதிப் பதில் அதுதான்.

அதற்குக் கிட்ட வேனை நிறுத்தி அடுப்பை மூட்டினோம். பத்து நிமிடம் போகவில்லை. ஊர்க்காரர் ஒருவர் வந்தார். எங்கே இருந்து, ஏன் இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் சந்தேகமும் இருந்தது. என் ஹிஜாபைப் பார்த்தார். கணவரின் தாடியைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு ஒருதரம் அடித்தது. அதற்குள் உம்மா திரையை விலக்கி, தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், "வாங்க மகன், தேத்தண்ணி குடிங்க" என்றார். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தார். தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, "இங்க வளைவு, லொறி வரும். கொஞ்சம் மேல என்ட கடைக்கு முன்னால நிறுத்துங்க, பைப் தண்ணியும் இருக்கு" என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கொச்சிக்கடையில் இருக்கிற எனக்கு அந்தச் சந்தேகம் எங்கே இருந்து வருகிறது என்று தெரியும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று எங்கள் அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. நான் சின்ன வயதில் இருந்து மணிச் சத்தம் கேட்டு நேரம் பார்த்த கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்து ஆட்களும் வந்து மெழுகுதிரி கொளுத்தும் கோயில். அடுத்த நாள், 22ஆம் திகதி, கோயிலுக்குக் கிட்ட நிறுத்தியிருந்த ஒரு வேனைப் பரிசோதிக்கும்போது அதுவும் வெடித்தது. அன்றைக்குப் பிறகு எங்கள் வீதியில் ஆள் இல்லாமல் நிற்கும் ஒரு வேன் வெறும் வேன் இல்லை. நிறுத்திப் போகும் வாகனங்களில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்கும்படி அந்த நாட்களில் பொலிஸ் அறிவித்தது. கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை கடதாசித் துண்டுகள்! எங்களைப் போன்றவர்கள் அந்தத் துண்டில் பெயர் எழுதும்போது கை எப்படி நடுங்கியது என்று எங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளின் வேதனைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

2022ஐயும் மறக்கவில்லை. எரிபொருள் வரிசையில் நாடே வாகனத்துக்குள் தூங்கிய வருசம். என் கணவர் ஓட்டோவுக்குள் இரண்டு இரவு இருந்தார். முன்னால் ஒரு தமிழ் அண்ணன், பின்னால் ஒரு சிங்கள மாத்தயா. ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளித்து வரும்வரை மற்றவர் வாகனத்தைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் அனுப்பிய சோற்றுப் பார்சலை மூன்று பேரும் பகிர்ந்தார்கள். நாட்டில் வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. ஜூலையில் கியூஆர் முறை வந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். நொக்ஸ் எழுதிய களிமண் முத்திரை, அப்போது போனுக்குள்.

ஞாயிறு மஃரிபுக்குப் பிறகு கொச்சிக்கடைக்குத் திரும்பினோம். திறப்பை மறுநாள்தான் கொடுக்க வேண்டும். வேனை இரவு எங்கே நிறுத்துவது? வீட்டுக்கு முன்னால் இடமில்லை. வீதி முனையில்தான் இருக்கிறது. ஜன்னலெல்லாம் திரை போட்ட, யாரும் முன்பு பார்த்திராத வேன். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஒரு கடதாசியில் என் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், 'பாடசாலை ஆசிரியை' என்று மூன்று மொழியிலும் எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பும்போது முனை வீட்டு அக்கா கதவில் நின்றார். 2019இல் அவருடைய சொந்தக்காரப் பிள்ளை ஒன்று காயப்பட்டுத் தப்பியது. கடதாசியை வாசித்தார்.

"இதென்னத்துக்கு டீச்சர்? உங்கட வேன் எண்டு நான் சொல்ல மாட்டனா?" என்றார்.

கடதாசியை நான் எடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வண்டியைப் பற்றி அவருடைய கூட்டாளிக்கு நான் கொடுத்த அறிக்கை இதுதான்: நகரத்துக்கு நல்லது, மலைக்குப் பொறுமை வேண்டும், பாரத்தைக் குறைத்து ஏற்றுங்கள், வயதானவர்களுக்கு ஏறப் படி ஒன்று போடுங்கள். அந்தக் கழிப்பறைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். எத்தனையோ உம்மாமார் அது இல்லாமல்தான் வீட்டோடு இருக்கிறார்கள்.

என் மாணவனுக்குக் கொடுத்த பதில்: கரத்தைக்காரன் தன் கரத்தைக்கு அடியில் தூங்கினான் மகன். ஆனால் அவனைத் தூங்க விட்டது கரத்தை இல்லை. அந்த ஊர் ஆட்கள்.

உங்கள் வீட்டு மூத்தவர்களில் தவளம், கரத்தை, லொறி ஓட்டியவர்கள் இருந்தால் அவர்கள் இரவில் எங்கே நிறுத்தினார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.